மச்சுப் பலகையில வாள் தடம் பார்க்கிறது எப்படி

செட்டிநாட்டு வீட்டுக்கு வர்றவங்க முகப்புத் தூணைத் தடவிப் பார்த்துட்டு, பர்மா தேக்குனு சொல்லி போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. அந்தத் தூணுகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்லாது, ஏன்னா ஆசாரி அதை இழைச்சு இழைச்சு கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிருப்பாரு. விஷயம் இருக்கிறது யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்துல. மச்சுப் பலகையோட மேல்பக்கம், மாடிப்படிக்கு அடிப்பக்கம், சாமான் அறை அலமாரிக்குப் பின்பக்கம். அங்கெல்லாம் இழைப்புளி படாது, கண்ணுல படாத இடத்துக்கு யாரு கூலி குடுத்து இழைப்பாங்க? அதனால மரத்தை அறுத்த வாளோட தடம் நூறு வருஷமா அப்படியே இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்சுட்டா அந்தப் பலகை கையால அறுத்ததா, மில்லுல அறுத்ததா, மில்லுன்னா எந்த மாதிரி மெஷின்னு நீங்களே சொல்லிடலாம்.

வேணுங்கிறது ஒரு டார்ச், காஞ்ச பிரஷ், ஒரு ஸ்கேல், வெள்ளைப் பேப்பர், பென்சில், அவ்வளவுதான். ஈரத்துணி போட்டுத் துடைக்காதீங்க, தூசி தண்ணியோட சேர்ந்து தடத்துக்குள்ள அப்பிக்கும். பிரஷால லேசா தட்டி விட்டுட்டு, ஜன்னலைச் சாத்திட்டு, டார்ச்சை நேரா அடிக்காம பலகையை ஒட்டினாப்புல சாய்ச்சுப் பிடிங்க. நேரா அடிச்சா வெறும் பழுப்பு மரம்தான் தெரியும், பக்கவாட்டுல அடிச்சா ஒவ்வொரு கோடும் நிழல் விழுந்து எழுந்து நிக்கும். இந்த ஒரு விஷயத்துலதான் முக்காவாசி வேலை முடியுது.

இப்ப கோட்டைப் பாருங்க. கோடு நேரா இருக்கு ஆனா சாய்வு மாறிக்கிட்டே போகுது, கொஞ்ச தூரம் ஒரு சாய்வு, அப்புறம் வேற சாய்வு, இடைவெளியும் ஒரே மாதிரி இல்லன்னா அது கை அறுப்பு. தடியைத் தூக்கி முட்டு மேல கிடத்தி மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நின்னு பெரிய வாளை இழுப்பாங்க, கை ஓய்ஞ்சதும் நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி ஆரம்பிப்பாங்க, அந்த நிறுத்தம் கூட பலகையில தெரியும். கோடு நேரா, செங்குத்தா, எண்ணி வச்ச மாதிரி ஒரே இடைவெளியில இருந்தா அது சட்ட வாள், அதாவது ஒரு சட்டத்துல வாளை இறுக்கிப் பூட்டி மெஷின் மேலயும் கீழயும் ஆட்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மரம் அதே அளவு முன்னாடி நகரும். கோடு வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா வட்ட வாள், இதுல சந்தேகமே வேண்டாம். மெல்லிசா நேர்கோடா நெருக்கமா இருந்து நடுவுல லேசா அலை அடிச்சா பேண்ட்சா, அதாவது பட்டை மாதிரி வளையமா ஒட்டி ஓடுற வாள், இன்னைக்கும் நம்ம ஊர் சா மில்லுல ஓடுறது அதான், அதனால அப்படித் தடம் இருந்தா பிற்பாடு மாத்தின பலகையானு ஒரு தடவை யோசிங்க. கோடே இல்லாம சின்னச் சின்னக் குழியா, மீன் செதில் மாதிரி இருந்தா வாச்சியால செதுக்கினது, உத்தரத்துல அதிகம் பார்க்கலாம்.

இந்த மெஷின்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா தடம் பார்க்கிறது இன்னும் ருசியா இருக்கும். இங்கிலாந்துல பெரிய ஜமீன் பண்ணைகள் பலதுக்கும் சொந்தமா காடு உண்டு, வேலி, கேட்டு, வண்டி, குடியானவங்க வீட்டுக் கூரை எல்லாத்துக்கும் மரம் அங்கேருந்துதான். அதுக்குப் பண்ணையிலயே ஒரு சா மில் வச்சுக்கிட்டாங்க. நார்ஃபோக்ல கன்டன்னு ஒரு பண்ணை, அங்க 1820கள்ல, விக்டோரியா பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, தண்ணி விசையில சட்ட வாள் ஓட்டுற மில்லு கட்டினாங்க, கூரை வேய்ஞ்ச கட்டடம். செஷையர்ல டன்ஹம் மாசினு இன்னொரு பண்ணை, அங்க 1616ல தானியம் அரைக்கக் கட்டின மில்லை 1860 வாக்குல மரம் அறுக்கிற மில்லா மாத்தினாங்க, அப்பவும் தண்ணி விசைதான், வேலை மட்டும் வேற.

கட்டடமும் யோசிச்சுக் கட்டினதுதான். நீளமான கொட்டகை, ஒரு பக்கமாவது திறந்து கிடக்கும், இல்லாட்டி முப்பது அடித் தடியை எப்படி உள்ள கொண்டாறது? சக்கரமோ நீராவி எஞ்சினோ ஒரு ஓரமா தனி அறையில இருக்கும். அங்கேருந்து வர்ற தண்டு, பெல்ட் எல்லாம் பல மில்லுகள்ல தரைக்கு அடியில ஓடும், மேல மரம் உருட்டுறவங்க கால்ல சிக்கக் கூடாதுல்ல. பக்கத்துலயே காத்து புகுந்து போற மாதிரி இடைவெளி விட்ட கொட்டகையில அறுத்த பலகையைக் காயப் போடுவாங்க. நீராவி வந்த பிறகு மரத்தூளும் சிராயும் பாய்லருக்குள்ள போச்சு, மில்லு தன் குப்பையிலயே ஓடுச்சு. வட்ட வாளுக்கு இங்கிலாந்துல சாமுவேல் மில்லர் பேட்டன்ட் வாங்கினது 1777ல, பேண்ட்சாவுக்கு வில்லியம் நியூபெரி வாங்கினது 1808ல, ஆனா பேண்ட்சா வாளோட ஒட்டு தெறிச்சுக்கிட்டே இருந்ததால அது பரவலா ஓட ரொம்ப வருஷம் ஆச்சு. விக்டோரியா காலத்துப் பண்ணை மில்லுல ராஜா வட்ட வாள்தான்.

அதே காலத்துலதான் நம்ம செட்டியாருங்க பர்மாவுல வட்டிக்கடை வச்சாங்க. 1826ல ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் நடந்த முதல் சண்டை முடிஞ்சு மௌல்மெய்ன் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு, 1852ல ரங்கூன் பக்கம் முழுக்க, ரெண்டு ஊரும் தேக்குத் துறைமுகம் ஆச்சு, நீராவி சா மில்லுங்க வந்துச்சு, தடியை இழுத்து அடுக்க யானை. பச்சைத் தேக்கு தண்ணியில மிதக்காது, அதனால நிக்கிற மரத்துலயே சுத்தி வளையமா வெட்டி விட்டு ரெண்டு மூணு வருஷம் காய விடுவாங்க, அப்புறம்தான் சாய்ச்சு ஆத்துல தெப்பமா கட்டி விடுவாங்க. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடெல்லாம் பெரும்பாலும் 1850க்கும் 1940களுக்கும் நடுவுல எழும்பினது, கணக்கு சரியாப் பொருந்துதா?

எங்க வீட்டு இரண்டாங்கட்டு, அதாவது ரெண்டாவது முற்றத்தைச் சுத்தின பகுதி, மச்சுல நான் ஒரு வில்லுத் தடத்தை அளந்ததைச் சொல்றேன், நீங்களும் செய்யலாம். பேப்பரைத் தடத்து மேல வச்சு பென்சிலைப் படுக்க வச்சுத் தேய்ங்க, கோடு பேப்பர்ல வந்துடும். ஒரு வளைவை எடுத்து ரெண்டு முனைக்கும் நேர்கோடு போடுங்க, எனக்கு 12 அங்குலம் வந்துச்சு. அந்த நேர்கோட்டு நடுவுலேருந்து வளைவு வரைக்கும் உயரம் 1 அங்குலம். நீளத்தை நீளத்தால பெருக்குங்க, 144. அதை உயரத்தோட 8 மடங்கால வகுத்தா 18, அதோட உயரத்துல பாதியைக் கூட்டினா பதினெட்டரை. வாளோட ஆரம் அது, அப்ப வாள் குறுக்களவு 37 அங்குலம், மூணு அடிக்கு மேல! அப்பத்தாவோட ஊறுகாய் ஜாடிக்கு நேர் மேல, அவ்வளவு பெரிய வாள் சுத்தின சுவடு. அன்னைக்கு நான் ரொம்ப நேரம் கீழ இறங்கல.

ரெண்டு இடத்துல ஏமாறாதீங்க. கை அறுப்புன்னதும் ரொம்பப் பழசுன்னு முடிவு கட்டிடாதீங்க, மில்லு வந்த பிறகும் நம்ம பக்கம் கையால அறுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அதே மாதிரி தடத்தை மட்டும் வச்சு இது ரங்கூன் மில்லுனு சொல்ல முடியாது, தடியாவும் வந்துச்சு, அறுத்த பலகையாவும் வந்துச்சு. ஒரே மச்சுல ரெண்டு வகைத் தடம் இருந்தா அதுதான் நல்ல துப்பு, எந்தப் பலகை எந்தப் பக்கம் சேருதுனு படம் போட்டு வைங்க.

எங்க முதல் கட்டு மச்சை இப்படிப் பார்க்கவே முடியல. சில வருஷம் முன்னாடி பாலிஷுக்கு வந்தவங்க, "அண்ணே மேல் பக்கமும் சுத்தமாப் போட்டுத் தர்றோம்"னு மெஷின் வச்சு ரெண்டு நாள்ல சுரண்டித் தள்ளிட்டாங்க, நான் ஊர்ல இல்ல. திரும்பி வந்து டார்ச் அடிச்சா வெறும் வழவழப்பு. அதனால வேலைக்கு ஆள் விடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் கை வைக்கக் கூடாதுனு வாயால சொல்றதோட நிறுத்தாம சாக்பீஸ்ல பலகை மேலயே எழுதிப் போடுங்க, தேய்ச்ச பேப்பர்ல எந்த அறை, எத்தனாவது பலகைனு குறிச்சுத் தேதி போட்டு எடுத்து வைங்க.

கூரையைப் பிரிக்கிற வேலை வந்தா இன்னொண்ணு பாருங்க. உத்தரத்தோட முனை சுவத்துக்குள்ள இருக்கும், அது வெளிய வர்றப்ப முனையைத் துடைச்சுப் பாருங்க. பர்மா காட்டுல தடியோட வெட்டுமுகத்துல சுத்தியலால அடிச்சு உரிமைக்காரங்க முத்திரை போடுவாங்க, பாதி எழுத்தோ வட்டமோ எதாவது பதிஞ்சிருந்தா ஆசாரிகிட்ட "அந்த நாலு அங்குலத்தை மட்டும் வெட்டாதீங்க ஆசாரியய்யா"னு அங்கேயே நின்னு கேட்டுக்கோங்க.