முதல் கலீஃபாக்கள்: அடிக்கடி சறுக்கும் இடங்கள்

நபிகள் நாயகம் 632-இல் மறைந்த பின் வந்த முதல் நான்கு கலீஃபாக்களை, அதாவது முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர்களான அபூபக்கர், உமர், உஸ்மான், அலீ ஆகியோரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், நால்வரும் ஏதோ ஒரே விதிப்படி தேர்ந்தெடுக்கப்பட்டதுபோல எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிவைத்த விதி எதுவும் அன்று கிடையாது.

நபியின் உடல் அடக்கமாகும் முன்பே, மதீனாவில் பனூ சாஇதா குலத்தாரின் பந்தலில் அன்சாரிகள் (மதீனாவாசிகளான முஸ்லிம்கள்) கூடி, சஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்து நபித்தோழர்களான அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே போனார்கள். வாக்குவாதம் முற்றியபோது, உமர் அபூபக்கரின் கையைப் பிடித்து பைஅத் (தலைவராக ஏற்கும் உறுதிமொழி) செய்தார்; மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 634-இல் நடந்தது வேறு. மரணப் படுக்கையில் அபூபக்கரே அடுத்த கலீஃபாவாக உமரின் பெயரைச் சொல்லிவிட்டார்.

644-இல் கத்திக்குத்துப்பட்ட உமர் இரண்டு வழியையும் விட்டுவிட்டு, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு பேரிடம் ஒப்படைத்தார். தன் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் இருக்கலாம், பதவியில் பங்கில்லை என்றும் கறாராகச் சொன்னார். ஆறு பேரில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், தனக்குப் பதவி வேண்டாம் என்று விலகி, மதீனாவில் பலரையும் கலந்து பேசி உஸ்மானை அறிவித்தார். இதைத் தேர்தல் என்றால் பொருந்தாது. வெறும் நியமனமும் அல்ல. 656-இல் உஸ்மான் சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார். கலகக்காரர்கள் ஊருக்குள் இருக்கும்போதே அலீக்கு பைஅத் நடந்தது. பின்னால் வந்த சிக்கலில் பாதி அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

அடுத்த குழப்பம் போர்களில். ஒட்டகப் போர் 656-இல் பஸ்ரா அருகே நடந்தது. அலீக்கு எதிரணியில் நபியின் மனைவி ஆயிஷா, நபித்தோழர்கள் தல்ஹா, ஸுபைர். சிரியாவின் ஆளுநராக இருந்த முஆவியாவோடு அலீ போரிட்டது அடுத்த ஆண்டு, ஸிஃப்பீன் என்ற இடத்தில். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

இதையெல்லாம் 'சுன்னி-ஷியா சண்டை' என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியல்ல. அலீயே முதலில் வந்திருக்க வேண்டும் என்ற கருத்து ஆரம்பத்திலேயே இருந்தது. ஃகதீர் கும்ம் என்ற இடத்தில் அலீயைப் பற்றி நபி சொன்னதை ஷியாக்கள் அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் தனித்தனிச் சட்டமும் கொள்கையும் கொண்ட இரு பிரிவுகளாக அவை உருவாகப் பல தலைமுறைகள் ஆயின.

அப்புறம், அலீக்குப் பின் நேராக முஆவியா என்று தாவுவது. நடுவில் அலீயின் மகன் ஹஸன் இராக்கின் கூஃபா நகரில் சில மாதங்கள் கலீஃபாவாக இருந்து, 661-இல் உடன்பாட்டின் பேரில் விலகினார். தந்தைக்குப் பின் மகன் என்ற வம்ச ஆட்சியை முஆவியா தன் மகன் யஸீதை வாரிசாக்கியதிலிருந்து கணக்கிடுவதுதான் வழக்கம். யஸீத் பதவிக்கு வந்தது 680-இல்.