நினைவுச் சின்னத்தில் உள்ள ஒரு பெயரைத் தேடுவது எப்படி

அமெரிக்காவில் நாலைந்து கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) பொதுவாக நிற்கும் போர் நினைவுச் சின்னங்களில் பெரும்பாலும் வெறும் பெயர்கள்தான் இருக்கும். அந்த மனிதர் யார் என்று தேட நான் செய்வது இது.

காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்தும் தெரியும். சாக்பீஸ், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம், கல் பாழாகிவிடும். எழுத்துக்கூட்டலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டாம் உலகப் போர் என்றால், இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றி 1946-இல் வெளியான தரைப்படைப் பட்டியலைப் பாருங்கள். கவுண்டி வாரியாக இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். பக்கத்து கவுண்டியையும் விடாதீர்கள். ஒரு பையனை இரண்டு வாரம் தேடி, கடைசியில் அங்கேதான் கண்டேன். கடற்படையினருக்குத் தனிப் பட்டியல்.

பெயருக்கு எதிரே 'கே.ஐ.ஏ.' என்றால் போரில் கொல்லப்பட்டவர். 'டி.என்.பி.' என்றால் நோய், விபத்து போலப் போரில் அல்லாத காரணத்தால் இறந்தவர். 'எஃப்.ஓ.டி.' என்றால் காணாமல் போய், பிறகு இறந்ததாக அறிவிக்கப்பட்டவர். அதைப் பார்க்கும்போதெல்லாம் காத்திருந்த அம்மாவைத்தான் நினைப்பேன்.

அவருடைய ராணுவப் பணிப் பதிவேடு கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். 1973-இல் செயின்ட் லூயிஸ் நகரில் அந்தப் பதிவேடுகள் இருந்த காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் ஏராளமானவை எரிந்துபோயின. உள்ளூர் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கேளுங்கள். பல சமயம் புகைப்படமே கிடைக்கும்.