டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா: முதலில் மேஜையைப் பாருங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன், சர்வீஸும் பார்க்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் "எதுங்க நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்க வெச்சு வேலை செய்யப்போறீங்க?"

ஒரே மேஜை, ஒரே நாற்காலி என்றால் டெஸ்க்டாப் வாங்குங்கள். வாரத்தில் ஓரிரு நாளாவது வேறு இடத்துக்குத் தூக்கிப்போய் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் லேப்டாப். "எப்பவாவது தேவைப்படுமுங்க" என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படி நினைத்து வாங்கிய லேப்டாப்புகள் எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டைக் கடைகளில் பில் போடும் மேஜையிலேயே வருஷக்கணக்கில் சார்ஜர் மாட்டியபடி கிடக்கின்றன. எந்நேரமும் முழு சார்ஜும் சூடுமாக இருக்கிற பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். சிலது உப்பி, டச்பேடையே மேலே தள்ளும். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்க்காமல் உடனே கழற்றச் சொல்லுங்கள்.

ரிப்பேர் விஷயத்தில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போனால் வேறொன்று மாட்டிவிடலாம், அன்றைக்கே வேலை ஓடும். ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (ஃபைல்கள் சேமிக்கும் பாகம்), ஃபேன் எல்லாமே தனித்தனிப் பாகம். கீபோர்டில் டீ கொட்டினால் கீபோர்டு மட்டும்தான் போகும். லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழேயே மதர்போர்டு இருக்கிறது, ஒரு டம்ளர் டீ மொத்தத்தையும் முடித்துவிடும். அப்படி நடந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, ஆஃப் செய்து, கவிழ்த்து வைத்து, அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லை, பஞ்சுத் தூசி. கட்டிங் செக்‌ஷன் பக்கத்தில் வைத்த எந்த மிஷினுக்குள்ளும் அது போய் அடைந்துகொள்ளும். டெஸ்க்டாப் என்றால் பக்கவாட்டு மூடியைத் திறந்து புளோயர் அடித்தால் போதும், அதை நீங்களே செய்யலாம். பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். லேப்டாப்பின் ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) பஞ்சு அடைத்தால் அடிமூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதுவரை சூடேறி, வேகம் குறைந்துகொண்டே போகும்.

"இரண்டிலும் ஐ5 தானே, வேகம் ஒன்றுதானே?" என்று கேட்பவர்கள், ப்ராசசர் (கம்ப்யூட்டரின் மூளை) பெயரில் ஐ5-க்குப் பின்னால் இருக்கிற எண்ணைப் படியுங்கள். ஐ5-12400 என்பது டெஸ்க்டாப் ப்ராசசர், அடிப்படை மின்திறன் 65 வாட். மெல்லிய லேப்டாப்பில் வருகிற ஐ5-1235யு-வுக்கு 15 வாட்தான். டேலி கணக்கு, ஜிஎஸ்டி, மெயில் போன்றவற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பிரிண்ட் டிசைன், எம்ப்ராய்டரி பஞ்சிங் (டிசைனைத் தையல் ஃபைலாக மாற்றுவது), வீடியோ எடிட்டிங் என்று நாள் முழுக்க மிஷினை ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுக்கு 24 இஞ்ச் மானிட்டரோடு டெஸ்க்டாப்தான் சரி. மானிட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி வைத்தால் கழுத்துவலியும் குறையும்.

கரண்டில் ஜெயிப்பது லேப்டாப். சாதாரண ஆபீஸ் வேலைக்கு டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 48 யூனிட். 30 வாட் எடுக்கும் லேப்டாப்புக்கு 15 யூனிட்கூட ஆகாது. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால், அந்த எல்லையை ஒட்டி ஓட்டுகிற குடும்பத்துக்கு இது முக்கியமான கணக்கு. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்றால் 600 விஏ யுபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும், ஃபைலை சேவ் செய்து மிஷினை நிறுத்தத்தான் அது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போடாமல் விட்டால் கரண்ட் போகும்போது டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகலாம்.

ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைக்கு யோசிக்கவே வேண்டாம், லேப்டாப்தான். டையிங் யூனிட்டுக்கும் பையர் ஆபீஸுக்கும் அலைந்து ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கும் அதுதான். மேஜை போட இடமில்லாத ஒற்றை அறை வீட்டுக்கும் அதையே சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மட்டும், இடம் இருந்தால், ஹாலில் ஒரு டெஸ்க்டாப் போடுங்கள். என்ன பார்க்கிறது என்று பெரியவர்கள் கண்ணிலும் படும்.

லேப்டாப் என்று முடிவானால், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: "ராம் பின்னாடி ஏத்திக்கலாமா?" மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்டவே முடியாது. அந்த மாடலாக இருந்தால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். மூடியை நாலைந்து தடவை திறந்து மூடிக் கீலையும் பாருங்கள்.

பழைய மிஷின் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். "ஐ7 சார், சல்லிசா தர்றேன்" என்று 4-ஆம் தலைமுறையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள்.

விலை கேட்கும்போது மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள். வெறும் கேபினெட் விலையை லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அசெம்பிள் செய்த மிஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனி. பாக்ஸோடு வருகிற இன்டெல் ப்ராசசருக்குப் பொதுவாக 3 வருஷம். அதனால் பில்லில் பாகம் பாகமாக சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். பில் மை மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.