டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மருத்துவக் கோப்பைத் தயார் செய்வது எப்படி?

டாக்டரின் அறைக்குள் போனதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: என்ன செய்கிறது, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். முதல் இரண்டுக்கு எப்படியோ பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவதுக்கு ‘பிரஷருக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை’ என்று இழுப்போம். அதை வைத்து யாராலும் மருந்து எழுத முடியாது. இரண்டு மூன்று நாள் முன்பே உட்கார்ந்து இதைத் தயார் செய்துவிட்டால், கிடைக்கிற கொஞ்ச நேரமும் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசவே கிடைக்கும்.

படி 1: காகிதங்களைத் தேதிப்படி அடுக்குங்கள்

புதியது மேலே, பழையது கீழே. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட் ஆகியவற்றை எவ்வளவு பழசானாலும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேனுக்கு சிடி கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்; சில டாக்டர்கள் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் படத்தையே பார்க்க விரும்புவார்கள்.

பழைய ரத்தப் பரிசோதனை எதற்கு என்று தோன்றலாம். இன்றைக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.4 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் முன்பும் அதே 1.4 என்றால் நிதானமாகப் பார்க்கலாம். ஆறு மாதம் முன்பு 0.9 இருந்தது என்றால் அது வேறு கதை, உடனே காரணம் தேட வேண்டும். பழைய தாள் இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

ஒரு விஷயம்: இசிஜி, அல்ட்ராசவுண்ட் படம் போன்றவை பல இடங்களில் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வரும். நாளாக ஆக எழுத்தும் கோடும் மங்கி, வெறும் தாள்தான் மிஞ்சும். கையில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது போனில் போட்டோ எடுங்கள்.

படி 2: மருந்துப் பட்டியல்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும், மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். அந்த உண்மைப் பெயர்தான் முக்கியம். ஒரே மருந்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் எழுதியிருந்தால் அதில்தான் கண்டுபிடிக்க முடியும். இப்படி எழுதுங்கள்:

மெட்ஃபார்மின் 500 மி.கி. – காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின் – சர்க்கரைக்கு – 2019 முதல்.

சொட்டு மருந்து, இன்ஹேலர், மூலிகைப் பொடி, வைட்டமின் எல்லாமே பட்டியலில் வர வேண்டும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின், சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், தைராய்டுக்குச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நடுவில் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இதெல்லாம் மருந்தா என்று நாமே விட்டுவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அடிக்கடி மறந்துபோகும் மாத்திரையையும், நீங்களாக நிறுத்தியதையும் மறைக்காதீர்கள். டாக்டருக்கு அது தெரியாவிட்டால், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடக்கூடும்.

படி 3: ஒவ்வாமை, உடலுக்குள் வைத்தவை

‘பென்சிலின் ஒத்துக்காது’ என்பது போதாது. தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, வெறும் வயிற்றுப்போக்கா என்று எழுதுங்கள். பேஸ்மேக்கர், ஸ்டென்ட் இருந்தால் அப்போது கொடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் முன் கேட்பார்கள்.

படி 4: குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில்

வயதுதான் இங்கே முக்கியம். அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

படி 5: எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு பக்கம்

கனமான கோப்பைப் புரட்ட டாக்டருக்கு நேரம் இருக்காது. அதனால் பெயர், வயது, ரத்த வகை, இருக்கும் நோய்கள், நடந்த ஆபரேஷன்கள், மருந்துகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி முதலில் வையுங்கள். அதன் கீழே இப்போதைய தொந்தரவு: எப்போது தொடங்கியது, எங்கே, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. ‘ரொம்ப நாளாகத் தலைவலி’ என்பதைவிட, ‘மூன்று வாரமாக, காலையில் எழும்போது, வலதுபக்கம், குனிந்தால் கூடுகிறது’ என்பதுதான் உதவும்.

கடைசியில் உங்கள் கேள்விகள். மூன்று போதும். அதிகம் பயப்படுவதை முதலில் கேளுங்கள். அதைக் கிளம்பும் நேரத்துக்கு வைத்தால் பல சமயம் கேட்காமலே வந்துவிடுவோம்.

அப்புறம், இந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது என்றால் கோப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள், அந்தப் போட்டோ போதும்.