எண்ணெய்க்கு அடியில் கத்தரிக்காய்: எங்கள் பட்டறை முறை

காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் என் மாமியார் முதலில் பார்ப்பது காற்றை. வடக்கிலிருந்து த்ரமொந்தானா வீசினால் அன்றைக்குக் கத்தரிக்காய் உண்டு. தெற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஷிரோக்கோ வந்தால், "இன்றைக்கு லேபிள் ஒட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். இத்தாலியின் குதிகால் பக்கம் இருக்கிற சலெந்தோவுக்கு நான் மருமகளாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் இதைச் சகுனம் பார்ப்பது என்றுதான் நினைத்தேன். நாற்பது பாட்டிலைக் கொட்டிய பிறகுதான் புரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து இந்தக் குடும்பத்துக்கு இதுதான் தொழில். வசந்தத்தில் கூனைப்பூவும், லம்பஷோனி என்கிற கசப்பான காட்டு வெங்காயமும். ஜூலையில் தக்காளி. ஆகஸ்டில் கத்தரிக்காய். தக்காளி தவிர எல்லாமே 'சொத்தோலியோ', அதாவது எண்ணெய்க்கு அடியில்.

அந்தப் பெயர் ஆளை ஏமாற்றும். எண்ணெய்தான் காயைக் காக்கிறது என்று தோன்றும். நம் ஊறுகாயைப் பற்றியும் பலர் அப்படித்தான் நம்புகிறோம். அங்கே பெரும்பாலும் வேலை செய்வது உப்பும் புளிப்பும். எண்ணெய் செய்வது காற்றைத் தடுப்பது மட்டும்தான். காற்றில்லாத இடம்தான் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமிக்குக் கொண்டாட்டம். அது உண்டாக்கும் நஞ்சு நரம்பை முடக்கிவிடும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வாசனை காட்டிக்கொடுக்கும் என்றும் இருக்கமுடியாது. ஆனால் புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்.) ஆகவே தண்ணீரை வெளியே எடுக்கவேண்டும், வினிகரை உள்ளே அனுப்பவேண்டும். எண்ணெய் கடைசியில்தான்.

5 கிலோ கத்தரிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கனமாக, அழுத்தினால் குழி விழாமல், விதை முற்றாமல் இருக்கவேண்டும். தோலைச் சீவிவிட்டுச் சுண்டுவிரல் பருமனில் நீளநீளமாக நறுக்குங்கள். இன்னும் மெல்லியதாக நறுக்கினால் குழைந்துவிடும். துளையுள்ள பாத்திரத்தில் ஒரு அடுக்குக் காய், கொஞ்சம் கல்லுப்பு என்று அடுக்குங்கள். மொத்தம் 200 கிராம் உப்பு போதும். மேலே தட்டு வைத்துப் பாரம் ஏற்றுங்கள். எங்கள் பாரம் தண்ணீர் நிரப்பிய பழைய எண்ணெய் டின். ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் அடியில் பழுப்பு நீர் தேங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, காயைக் கைகையாக அள்ளிப் பிழியுங்கள்.

வெள்ளை ஒயின் வினிகர் 2 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர். வினிகர் 6 சதவீத அமிலம் உள்ளதாக இருக்கட்டும். தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு கைப்பிடிக் காய் மட்டும் போடுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து 3 நிமிஷம். எடுத்துவிட்டு அடுத்த கைப்பிடி. பொறுமை வேண்டும். பூண்டுப் பல்லையும் புதினா இலையையும் கொதிக்கிற இதே வினிகரில் முக்கி எடுங்கள். அந்தக் காலத்தில் பாட்டி பூண்டைப் பச்சையாகத்தான் போடுவாராம். மண்ணில் விளைகிற பொருளில் அந்தக் கிருமியின் வித்து இருக்கலாம், பச்சைப் பூண்டில் புளிப்பும் கிடையாது. நாங்கள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம்.

இப்போது பிழிவது. எங்களிடம் தொர்க்யெத்தோ என்கிற சின்ன எஃகுச் செக்கு இருக்கிறது, கைப்பிடியைச் சுற்றினால் தட்டு இறங்கும். வீட்டில் என்றால் கெட்டியான பருத்தித் துணியில் முடிந்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் முறுக்கலாம். பிறகு வெள்ளைத் துணியில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, நிழலில் ஐந்தாறு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு உலர்த்துங்கள். போதுமா என்று மாமியார் கண்டுபிடிக்கும் விதம் இது: ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைப்பார். ஜில்லென்று ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. ஒட்டாவிட்டால் அந்தத் துண்டு வாய்க்குள் போய்விடும். ஷிரோக்கோ அடிக்கிற நாளில் சாயங்காலம் வரைக்கும் எல்லாத் துண்டும் ஒட்டும்.

சரி, அந்த நாற்பது பாட்டில். மாமியார் ஒரு கல்யாணத்துக்கு லெச்சே போயிருந்தார். ஷிரோக்கோ. கத்தரிக்காய் வாடிக்கொண்டிருந்தது. நான் ஒரே பானையில் மூன்று மடங்கு காயை அள்ளிப் போட்டேன். கொதி அடங்கிவிட்டது, நடுவில் கிடந்தவை வினிகரைக் குடிக்கவே இல்லை. உலர்த்தலும் பாதிதான். ஒரு வாரத்தில் எண்ணெய்க்கு அடியில் கலங்கலாக ஒரு விரல் தண்ணீர். அளந்து பார்த்தால் ஒன்றில் பிஎச் 4.3, பக்கத்துப் பாட்டிலில் 4.8. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அடைப்பதற்கு 314 மில்லி குடுவை எடுங்கள், மூடி புதிதாக இருக்கட்டும். அடியில் கொஞ்சம் எண்ணெய், பிறகு காய், இடையிடையே பூண்டு, புதினா, காய்ந்த மிளகாய். விரலால் அழுத்தி அடுக்குங்கள். எண்ணெய் ஊற்றி, மெல்லிய கத்தியைக் குடுவை ஓரமாக இறக்கினால் காற்றுக் குமிழிகள் மேலே வரும். மறுநாள் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும், காய் முழுக்க மூழ்குகிற அளவுக்குத் திரும்ப ஊற்றுங்கள். மூடிவிட்டு, பானையில் துணி சுற்றி அடுக்கி, மூடிக்கு மேலே தண்ணீர் நிற்க, கொதி வந்ததிலிருந்து 20 நிமிஷம். அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும். மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கவேண்டும். அழுத்தினால் டிக்கென்று சத்தம் வந்தால் அந்தக் குடுவை வேண்டாம். 5 கிலோ காய் கடைசியில் ஐந்தாறு குடுவைதான் தேறும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

விற்பதாக இருந்தால் வேறு கதை. முதல் பாட்டில் வெளியே போகுமுன் ஊராட்சியில் 'ஷியா' என்ற தொழில் தொடங்கும் அறிவிப்பைக் கொடுக்கவேண்டும், எச்ஏசிசிபி என்ற உணவுப் பாதுகாப்பு முறையில் சுகாதாரக் கட்டுப்பாட்டுக் கையேடு வைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் சில நாள் கழித்து ஒரு குடுவையைத் திறந்து, எண்ணெயைத் துடைத்து, காயை அரைத்து பிஎச் அளக்கிறோம். 4.2-க்கு மேலே போனால் அந்தத் தொகுதி வெளியே போகாது. நோட்டில் தேதி, தொகுதி எண், அளவு, அன்றைய காற்று. கடைசி விஷயம் மாமியார் சொல்லி எழுதுவது, ஆய்வாளர் யாரும் கேட்டதில்லை. லேபிளில் பலரும் கோட்டைவிடுவது சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருளை. ஒயின் வினிகர் வழியாக அது வந்துவிடும், கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஒவ்வாமைப் பொருளாகத் தனித்துத் தெரியும்படி போட்டாகவேண்டும்.

ஒரு மாதம் இருட்டில் வைத்துவிட்டுத் திறங்கள். திறந்த பிறகு ஃபிரிட்ஜில், மீதிக் காய் எண்ணெயில் மூழ்கியபடி இருக்கட்டும். குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்து வெள்ளையாகும், அது கெட்டதல்ல. அடியில் மிஞ்சும் எண்ணெய் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்காது. மாமியார் ஃப்ரிசெல்லா என்கிற மொறுமொறு காய்ந்த ரொட்டி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, தட்டில் வைத்து, அதன்மேல் குடுவையைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்.