போலி மருந்தும் துண்டு அட்டையும்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்து மருந்துக்கடைகளில் காலை நேரத்தில் கத்தரிக்கோலுக்கு ஓய்வில்லை. நான்கு மாத்திரை கேட்பவருக்குப் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கை வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதிக்குரிய எண்) காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் பல நேரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. குடியாத்தத்திலிருந்து வந்த என் சித்தி அப்படியொரு துண்டை நீட்டி, "மாத்திரை ஏன் நிறம் மாறியிருக்கு?" என்று கேட்டார். பின்புறத்தில் மருந்தின் பாதிப் பெயர் மட்டுமே இருந்ததால், எனக்குப் பதில் சொல்ல வழியில்லை.

பில் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று நாமே கேட்பது இதைவிடப் பெரிய தவறு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, மருந்து ஆய்வாளர் கேட்டால், சரக்கை யாரிடம் வாங்கினார் என்பதைக் கடைக்காரர் சொல்லியாக வேண்டும். அவர் மொத்த வியாபாரியைக் காட்ட, மொத்த வியாபாரி தமக்கு விற்றவரைக் காட்ட, போலிச் சரக்கு நுழைந்த இடம் அகப்படும். பேட்ச் எண்ணுள்ள பில் நம் கையில் இல்லையென்றால், "இது எங்கள் கடை மருந்தே இல்லை" என்ற ஒரே பதிலில் விசாரணை நின்றுவிடும்.

போலி மருந்தையும் தரமற்ற மருந்தையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பிறர் பெயரில் தயாரித்ததும், உரிய மருந்துக்குப் பதில் வேறொன்றை வைத்ததும் போலி; உரிமம் பெற்ற நிறுவனத்தின் மருந்தும் பரிசோதனையில் தரமற்றதாகலாம். பரிசோதனையில் தேறாத மருந்துகளைப் பற்றி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிடும் மாதாந்திரப் பட்டியல் குறிப்பிட்ட பேட்சுகளைத்தான் சொல்கிறது. எண்ணை ஒப்பிடாமல், பெயரை மட்டும் பார்த்துப் பயந்து, ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்து வணிகப் பெயர்களுக்குப் பார்கோடு அல்லது க்யூஆர் குறியீடு கட்டாயம். மற்ற மருந்துகளில் அது இல்லாததால் அவை போலியாகிவிடாது. குறியீடு இருப்பதும் முழு உத்தரவாதமல்ல, அச்சகத்தில் அதையும் நகலெடுக்கலாம். மருந்தின் மூலப்பெயரில் விற்கும் ஜெனரிக் மருந்துகளை, மலிவு என்பதற்காகவே சந்தேகிப்பதும் வீண்.

சந்தேகம் வந்ததும் கடைக்குப் போய் மாற்றி வாங்கிவருவது நம்மவர் வழக்கம். அதோடு ஆதாரமும் போய்விடுகிறது. வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறும் உரிமையை அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு எவருக்கும் தருகிறது. ஆகவே மீதி மாத்திரைகளை அட்டையோடும் பில்லோடும் வெயில் படாத இடத்தில் எடுத்துவைத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கடைக்காரரிடம் பேசுவது அதன் பிறகு இருக்கட்டும்.