பழைய தார் ஜீப் வாங்கப் போகிறீர்களா?

செகண்ட் ஹேண்டில் மஹிந்திரா தார் பார்க்கப் போனால், தார் ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மண் தரைக்குக் கொண்டுபோங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்த கியர்) போட்டு மெதுவாக நகர்த்துங்கள். லிவர் தானாக நழுவினாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் செலவு காத்திருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் நல்ல வண்டிகூட இழுத்துப் பிடிக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம், டார்ச் அடித்து அடியில் பாருங்கள். முன் ஆக்சில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா? சேஸிஸ் இடுக்கில் காய்ந்த சேறு, துரு? அடியில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் என்றால் எனக்குச் சந்தேகம்தான். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.